புறப்படுவதற்கு முன் அடித்த மணி

நான் நாய்ப் பயிற்சி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவள். இருபத்து மூன்று வயதில் இப்படி எழுதுவது எனக்கே நகைப்பாக இருக்கிறது. ஆயினும் வேறு சொல் அகப்படவில்லை. 'விலகிவிட்டேன்' என்றால் என்றாவது திரும்பச் சேரலாம் என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். நான் சேரப்போவதில்லை.

எனக்குப் பிறகு அந்த வேலைக்குச் சென்ற இளையவர்கள் இருவர் சென்ற மாதம் கல்லூரிக் கேண்டீனில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களிடம் புதிதாக ஒரு நாய் வந்திருக்கிறதாம். ஓயாமல் துள்ளுகிறது, வீட்டில் ஆள் இல்லையென்றால் ஊளையிடுகிறது, கதவைப் பிறாண்டுகிறது. "அக்கா, நீங்க ஜூலிக்கு இன்னா பண்ணீங்களோ, அத அப்டியே எழுதிக் குடுங்க" என்றாள் ஒருத்தி. ஜூலிக்கு என்ன ஆயிற்று என்பதை மையத்தில் எவரும் அவளிடம் சொல்லவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

அந்த மையம் திருவிடந்தையில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் நோக்கி இறங்கும் மண் பாதையின் முடிவில், சவுக்குத் தோப்பை ஒட்டி இருக்கிறது. வெளியூர் செல்பவர்கள் தங்கள் நாய்களை விட்டுச் செல்வார்கள். வேண்டியவர்கள் பயிற்சிக்கும் விடுவார்கள். இளங்கலை இலக்கியத்தில் சேர்ந்த ஆண்டு பகுதிநேர வேலைக்காகச் சென்றேன். முதல் ஆண்டு கூண்டு கழுவினேன், சோறு வைத்தேன், கயிறு பிடித்தேன். அதைப் பற்றிச் சொல்வதற்கு இதற்கு மேல் ஏதுமில்லை.

சொல்ல வேண்டியது ரஷீத் பாயைப் பற்றி. தலைமைப் பயிற்சியாளர் அவர். மாமல்லபுரத்துக்காரர், ஐம்பதைக் கடந்தவர், ஒரு நாயையும் அதட்டி நான் பார்த்ததில்லை. மனிதர்களை அதட்டுவார். என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் அவருக்குக் 'காலேஜு'.

சேர்ந்த புதிதில், கூண்டருகே நின்று ஒரு நாயைப் பிரியத்தோடு பெயர் சொல்லி அழைத்தேன். அது திரும்பிப் பார்த்தது. நான் சிரித்துவிட்டு வாளியைத் தூக்கினேன்.

"இன்னா காலேஜு, எதுக்கு கூப்ட்ட அத?"

"சும்மாதான் பாய்."

"சும்மாவா? அது காதத் தூக்கிகினு உன்ன பாத்துச்சு. நீ வாளியத் தூக்கிகினு போற. இப்டியே கூப்ட்டுகினு இரு, அப்பால அது திரும்பவே திரும்பாது. பேர் செத்துடும். செத்த பேர எழுப்ப முடியாதும்மா. வேற பேருதான் வெக்கணும்."

பாய் கற்பித்தவற்றில் எனக்கு முதலில் மனத்தில் பதிந்தது இதுதான். பெயர் சொல்லி அழைத்தால் ஏதாவது தர வேண்டும்: ஒரு துண்டு உணவு, ஒரு தடவல், ஒரு கட்டளை. வெறுமனே அழைக்கக் கூடாது.

இன்னொன்றையும் சேர்ந்த சில நாள்களிலேயே கவனித்தேன். மதியத் தொழுகைக்கு முன் பாய் குழாயடிக்குப் போவார். நாயின் எச்சில் பட்ட கையைப் பலமுறை நீரால் கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண்ணால் கழுவ வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதற்கெனச் சலித்த மண் ஒரு மூடிபோட்ட டப்பாவில் இருக்கும். அந்த மூடி திறக்கும் ஓசை கேட்டதும் கூண்டிலிருந்த நாய்கள் அனைத்தும் குரைக்கத் தொடங்கும். பாய் போகப்போகிறார் என்பது அவற்றுக்குத் தெரிந்துவிடும். அதனால் அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கம் போய்விடுவார். "நம்ம கௌம்பறது நமக்கு தெரியறதுக்கு முன்னாடி அதுங்களுக்குத் தெரியும்" என்பார்.

ஜூலி எங்களிடம் வந்தபோது அதற்கு மூன்று வயது. லேப்ரடாரும் நாட்டு நாயும் கலந்த மண்ணிறப் பெண் நாய். அழைத்து வந்தவர் கலைச்செல்வி அக்கா, செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையின் செவிலியர். சரியாகச் சொன்னால், ஜூலிதான் அவரை இழுத்து வந்தது. வாசல் கேட்டைத் தாண்டியதும் பாயின் மார்பில் பாய்ந்தது, என் துப்பட்டாவைக் கவ்வியது, தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்தது. பிறகு அக்கா கேட்டை மூடத் திரும்பிய ஒரு கணத்தில் அப்படியே நின்று நடுங்கியது.

பாய் அதன் முன்னங்கால்களைத் தூக்கிப் பார்த்தார். நகங்கள் பிளந்து காய்ந்த இரத்தம் கட்டியிருந்தது.

"கதவா?" என்றார்.

"கதவுதான் பாய். நான் டியூட்டிக்குப் போனா சாயங்காலம் வர வரைக்கும் பிறாண்டுது, கத்துது. ஹவுஸ் ஓனர் பொங்கலுக்குள்ள ஒரு முடிவு சொல்லுன்னுட்டாரு. ஒண்ணு நாய் கத்தாம இருக்கணும், இல்லன்னா நாய் இருக்கக் கூடாதாம்." சற்று நிறுத்தி, "அது இருக்கக் கூடாதுன்னா வூட்ல எனக்கு யாரும் இல்ல பாய்" என்றார்.

அவருடைய கணவர் மாமல்லபுரத்து விடுதி ஒன்றின் கார் ஓட்டுநர். திருவிடந்தைக் கடற்கரையில் வலைகளுக்கு இடையே கிடந்த குட்டியைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். முந்தைய ஆண்டு இறந்துவிட்டார். அக்கா பணியில் இருந்தபோது வீட்டில் நெஞ்சுவலி வந்திருக்கிறது. அருகில் ஜூலி மட்டும் இருந்தது. அது பகல் முழுவதும் குரைத்தது. கீழ்வீட்டிலிருந்து துடைப்பக் கட்டையால் கூரையை இடித்து அதட்டினார்கள். மாலையில் அக்கா வந்து கதவைத் திறந்தார்.

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. செவிலியர்கள் நோயாளியின் நிலையை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது பேசுவது போல் வரிசையாகச் சொன்னார்.

"இத இங்க வுட்டுட்டுப் போவாதீங்க" என்றார் பாய். "இங்க நல்லா இருக்கும். உங்க வூட்டுக்குப் போனா மறுபடியும் அதேதான். பயம் எந்தக் கதவாண்ட கீதோ அந்தக் கதவாண்டதான் வேல. நாங்க வர்றோம்."

அன்று முதல் அக்காவின் விடுமுறை நாள்களில் நாங்கள் செங்கல்பட்டுக்குச் சென்றோம். நான் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் வருவேன். பாய் வண்டியில் வருவார். முதல் மாடியில் ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை. சமையலறைச் சுவரில் ஒரு மாடம், அதில் சாமிப் படமும் கணவர் படமும்.

இளையவர்கள் கேட்டதால் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அதில் பிழை ஏதும் இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை.

துள்ளும் நாயின் துள்ளலை முதலில் செலவழிக்க வேண்டும். காலையில் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, புல்லில் உணவுத் துணுக்குகளைத் தூவி மோப்பம் பிடிக்க விடுவோம். ஓட்டத்தைவிட மோப்பம் அதை விரைவில் களைப்படையச் செய்யும். கயிற்றை இழுத்தால் நாங்கள் மரம் போல் நின்றுவிடுவோம். கயிறு தளர்ந்தால் நடப்போம். விருந்தாளி மேல் பாய்ந்தால் விருந்தாளி முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான்கு கால்களும் தரையில் இருந்தால்தான் கை நீளும். இவற்றை ஜூலி வியக்கத்தக்க வேகத்தில் கற்றது.

பயம் அப்படிப்பட்டதன்று. கூடத்தில் ஒரு விரிப்பைப் போட்டு, அதில் படுத்தால் நல்லதே நடக்கும் என்று முதலில் பழக்கினோம். அடுத்து, புறப்பாட்டின் அடையாளங்களை ஒவ்வொன்றாக வெறுமையாக்கினோம். அக்கா சாவியை எடுப்பார். போகாமல் அமர்ந்து காய்கறி நறுக்குவார். பையை மாட்டிக்கொள்வார், தொலைக்காட்சி பார்ப்பார். செருப்பைப் போடுவார், கழற்றுவார். சாவி என்றால் பிரிவு என்ற முடிச்சு இப்படித்தான் அவிழும். அதன் பிறகு கதவுக்கு வெளியே ஒரு மூச்சளவு நேரம். பிறகு படிக்கட்டு வரை. பிறகு தெருமுனை வரை. நாய் பதறுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும். பதறியபின் திரும்பினால் பதற்றம்தான் ஆளைத் திரும்ப அழைத்தது என்று அது நம்பிவிடும்.

தயிர்ச்சோற்றைக் குழியுள்ள ரப்பர் பொம்மையில் அடைத்து, உறைய வைத்துக் கொடுப்போம். அது நக்குகிறதா என்பதுதான் எங்கள் அளவுகோல். அஞ்சும் நாய் உண்ணாது. அதோடு கொட்டாவி, உதட்டை நக்குதல், எச்சில் வடிதல், காதுகள் பின்னால் ஒட்டுதல் ஆகியவற்றைப் பார்ப்போம். கால்நடை மருத்துவர் கொடுத்த மாத்திரையும் ஒரு பக்கம் நடந்தது.

வீட்டுக்காரர் ஒருநாள் மாடிக்கு ஏறி வந்தார். அக்கா செருப்பைப் போடுவதையும் கழற்றுவதையும் வாசலில் நின்று பார்த்தார்.

"இன்னா பாய், நாய்க்கு டியூஷனா? எம் பையனுக்கே நான் வெக்கல."

"வெச்சிருந்தா நல்லா இருந்திருக்கும் அண்ணாத்த" என்றார் பாய்.

அக்கா அன்று சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட சிரிப்பு அந்த ஒன்றுதான்.

கார்த்திகை முடிவதற்குள் அக்கா கடைத்தெரு வரை போய் நிதானமாகத் திரும்பும் அளவுக்கு ஜூலி தேறிவிட்டது. பொம்மையை நக்கி முடித்துவிட்டு உறங்கியது. "காலேஜு, இது தேறிடும்" என்றார் பாய். அவர் முன்கூட்டி எதையும் சொல்பவரல்லர்.

ஆனால் பணி நாள்களில் எதுவும் மாறவில்லை. கடைக்குப் போனால் உறங்கும் அதே நாய், டியூட்டிக்குப் போனால் கதவைக் கிழித்தது. சாவி அதே சாவி. பை அதே பை. காரணம் புரியாமல், ஒரு பணிநாள் காலையில் அக்காவின் கைப்பேசியைக் கூடமும் தெரியும்படி சமையலறை அலமாரியில் பதிவில் வைத்துவிடச் சொன்னேன். புறப்படும்வரை ஓடட்டும், பிறகு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மையத்தில் பாயும் நானும் அந்தப் பதிவைப் பார்த்தோம். ஜூலி விரிப்பில் படுத்திருக்கிறது. அக்கா சீருடை அணிந்து வருகிறார், தலை வாருகிறார், ஜூலி அசையவில்லை. மாடத்தின் முன் கற்பூரம் ஏற்றுகிறார். கைப்பிடி உடைந்து நூல் சுற்றிய சிறிய வெண்கல மணியை எடுத்து அடிக்கிறார். ஜூலி எழுந்து நிற்கிறது. வால் வயிற்றுக்கு அடியில் போகிறது. வாயோரம் எச்சில் இறங்குகிறது. அக்கா இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறார்; கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

கடைக்குப் போக அவர் மணி அடிப்பதில்லை. பயிற்சியின்போது அடித்ததே இல்லை.

அடுத்த விடுமுறையில் அதை அவரிடம் சொன்னோம். சொன்னது நான், பாய் சன்னலோரம் நின்றிருந்தார். "அக்கா, சாவிக்குப் பண்ண மாதிரியே மணிக்கும் பண்ணலாம். அடிச்சிட்டு, போகாம உக்காந்துடுங்க. கொஞ்ச நாள் பண்ணா போதும்."

அவர் மாடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அவர் போன அன்னிக்கு நேரமாயிடுச்சுன்னு மணி அடிக்காம ஓடிட்டேன்மா. அதுக்கப்புறம் அடிக்காம நான் டியூட்டிக்குப் போனதில்ல."

"அடிக்க வேணாம்னு சொல்லலக்கா. சும்மாவும் அடிக்கச் சொல்றேன்."

"சும்மாவா?" என்றார். பிறகு பாயைப் பார்த்துப் பேசினார். "நான் போறேன், நீ வூட்டப் பாத்துக்கோன்னு கூப்புட்றதும்மா அது. கூப்ட்டுட்டு, ஒண்ணும் இல்ல, நான் இங்கதான் கீறேன்னு உக்காந்தா? நாளைக்கு நெஜமா கூப்புட்றப்ப திரும்பிப் பாப்பாரா? நீங்கதான பாய் மொத நாளே சொன்னீங்க, பேர சும்மா கூப்ட்டா பேர் செத்துடும்னு."

பாய் வகுத்த விதியே அவர் முன் வந்து நின்றது. மறுப்பதற்கு அதில் ஓட்டையில்லை.

தெருவில் இறங்கியதும் நான் கேட்டேன். "நீங்க சொன்னா கேப்பாங்க பாய்."

"சொன்னா கேக்கும். அதான் சொல்லல." வண்டிச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு ஒருத்தன் வந்து, பாய், நாய்ங்க கத்துது, தொழப் போவாம சும்மா ஒருவாட்டி மண்ணு போட்டுக் கழுவிக் காட்டுங்கன்னா, நான் இன்னா செய்வேன்? டப்பாவ எடுத்துகினு பின்னால போறேன். ஏன் போறேன்? அத சும்மா செய்ய எனக்கு மனசு வராததாலதான். எனக்கு வராதது அந்தம்மாவுக்கு வரணும்னு எப்டிம்மா கேக்கறது?"

"அப்ப ஜூலி?"

"வேற வழி பாப்பம்" என்றார். அவர் குரலில் வழி ஏதும் இல்லை.

பார்த்தோம். வழிபாட்டின்போது ஜூலியைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் விட்டோம்; அங்கும் கேட்டது. அது பதறக் கற்பூர வாசனையே போதுமானதாக இருந்தது. மாமல்லபுரத்துக் கடையொன்றில் ஏறத்தாழ அதே அளவில் ஒரு மணி வாங்கி வந்து நான் அடித்தேன். ஜூலி தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துவிட்டு, உணவு கிடைக்குமா என்று என் கையை முகர்ந்தது. அந்த உடைந்த மணியின் ஓசைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதற்கு வெட்டவெளிச்சம். அக்காவின் மணியை நான் எடுத்து அடித்திருக்கலாம்; மாடம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அது என் கையால் தொடத்தக்க பொருளன்று என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. இங்கேதான் நான் வழியற்று நிற்கிறேன். யாரோ ஒருவர் தவறு செய்திருந்தால் அவரைக் குற்றம் சொல்லி ஆறுதல் அடையலாம். இதில் ஒருவரும் தவறு செய்யவில்லை.

மார்கழியில் அக்காவுக்குத் தொடர்ந்து பணி. ஜூலி கதவின் அடிப்பலகையைப் பெயர்த்தது. ஒரு பல் உடைந்தது. மாத்திரை கூட்டப்பட்டது. விடுமுறை நாளில் நாங்கள் போனால் விரிப்பில் படுத்து, பொம்மையை நக்கி, எல்லாத் தேர்வுகளிலும் தேறியது. போகிக்கு முந்தைய வாரம் வீட்டுக்காரர் மறுபடியும் மாடி ஏறினார். இம்முறை கேலி செய்யவில்லை. "நானும் மனுஷன்தாம்மா, உன் கஷ்டம் தெரியுது. கீழ எங்கம்மா படுத்த படுக்கையா கீறாங்க, தூங்கியே நாளாச்சு" என்றார். அவர் சொன்னதும் உண்மை.

பொங்கல் முடிந்ததும் அச்சரப்பாக்கத்திலிருந்து அக்காவின் அண்ணன் வந்து, தமது சிறிய சரக்கு வண்டியில் ஜூலியை ஏற்றிச் சென்றார். அங்கே அவருக்கு நிலம் இருக்கிறது. திறந்த வெளியில் குரைத்தால் யாருக்கும் தொல்லையில்லை. வண்டி திரும்பும்வரை ஜூலி பின்பலகையில் கால் வைத்து நின்று அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று மணி அடிக்கவில்லை. ஆகவே அது அஞ்சவில்லை.

நான் அந்த மாதத்தோடு வேலையை விட்டேன். பாய் காரணம் கேட்கவில்லை. "படிப்ப பாரு காலேஜு" என்றார். அதன் பிறகு பிரிவுக்கு அஞ்சும் நாய்களை அவர் ஏற்பதில்லை, இளையவர்களிடம் விட்டுவிடுகிறார் என்று கேள்விப்பட்டேன்.

கோடையில் அக்கா கைப்பேசியில் அழைத்தார். "அச்சரப்பாக்கம் போறேன்மா, ஜூலியப் பாக்க. நீயும் வரியா?"

ஜிஎஸ்டி சாலையில் பேருந்து. அக்கா மாலைப் பணிக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் சீருடைப் பையோடு வந்திருந்தார். மோட்டார் கொட்டகையின் நிழலில் ஜூலி சங்கிலியில் கட்டப்பட்டிருந்தது. நகங்கள் ஆறியிருந்தன. உடம்பு சற்றுத் தேறியிருந்தது.

"மொதல்ல ராவு பகல் பாக்காம கத்துச்சு" என்றார் அண்ணன். "இப்ப நல்லா அடங்கிடுச்சு. யாரு வந்தாலும் போனாலும் கண்டுக்கறதில்ல. உங்க டிரெய்னிங் நல்ல டிரெய்னிங்மா."

ஜூலி துள்ளவில்லை. வால் ஒருமுறை மண்ணைத் தட்டியது.

அக்கா அதன் எதிரே தரையில் அமர்ந்து, பையைத் திறந்து, நூல் சுற்றிய மணியை வெளியே எடுத்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"நீ சொன்ன மாதிரி இன்னிக்கு சும்மா அடிக்கறேன்" என்றார். "அடிச்சிட்டு, போவாம உக்காந்திருக்கறேன்."

அடித்தார். கொட்டகைத் தகரத்தில் ஓசை பட்டுத் திரும்பியது. ஜூலி அசையவில்லை. நான் பழக்கத்தால் கவனித்தேன்: மூச்சு சீராக இருந்தது, வாய் மூடியிருந்தது, எச்சில் இல்லை, காதுகள் ஒட்டவில்லை, மோவாய் முன்னங்கால்களின் மேல். மறுபடியும் அடித்தார். மறுபடியும். எங்கள் முறையில் இதற்கு மேல் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. அந்தக் கூடத்தில் நாங்கள் காத்திருந்தது இதற்காகத்தான்.

"ஜூலி" என்றார் அக்கா. காது திரும்பவில்லை. "ஜூலிம்மா."

அண்ணன் வரப்பிலிருந்து குரல் கொடுத்தார். "இங்க புள்ளைங்க வேற பேர் சொல்லிக் கூப்புட்றாங்க, அதான்."

அக்கா என்னைப் பார்த்தார். "பயம் போயிடுச்சு இல்ல? சரியாயிடுச்சு இல்லம்மா?"

எதிர்பார்க்க யாரும் இல்லாத நாயும், பயம் தெளிந்த நாயும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே படுத்திருக்கும் என்பதை நான் அறிவேன். "ஆமாக்கா" என்றேன்.

நாங்கள் எழுந்து வரப்பில் நடந்தபோது அது தலையைத் தூக்கவில்லை.

திரும்பும் பேருந்தில் அக்கா மணியை மடியில் வைத்திருந்தார். சாலைப் பள்ளங்களில் அது ஒலித்துவிடாதபடி உள்ளே இருந்த நாக்கை இரு விரல்களால் பிடித்துக்கொண்டே வந்தார். செங்கல்பட்டில் இறங்கியதும் அதைச் சீருடையின் மடிப்புக்குள் சுற்றிப் பையின் அடியில் வைத்தார். "நேரமாயிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேராக டியூட்டிக்கு நடந்தார்.